கயிறு யார் கையில்?

மேடை ஏறும் மேதாவிகள் பலர், கையோடு ஒரு கதையைக் கொண்டு வருவதுண்டு. தொழில் கண்காட்சியா, கல்லூரி மன்றமா, கம்பெனி ஆண்டு விழாவா, எங்கே ஒலிபெருக்கி கிடைத்தாலும் அந்தக் கதையை அவிழ்த்துவிடாமல் அவர்கள் இறங்குவதில்லை. நாமும் கேட்டிருக்கிறோம், நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"ஜப்பான் நாட்டிலே ஒரு செருப்புத் தொழிற்சாலை. தொழிலாளர்களுக்கு நிர்வாகத்தின் மீது மனக்குறை. நம் ஊர் ஆட்களாயிருந்தால் என்ன செய்வார்கள்? கொடி பிடிப்பார்கள், கோஷம் போடுவார்கள், வேலையை நிறுத்துவார்கள். ஜப்பானியத் தொழிலாளி என்ன செய்தான் தெரியுமா? இடக்கால் செருப்பை மட்டும் செய்து குவித்தான்! கோரிக்கை நிறைவேறிய மறுநாளே வலக்கால் செருப்பையும் செய்து ஜோடி சேர்த்துவிட்டான்! உற்பத்தியும் குறையவில்லை, ஒழுங்கும் கெடவில்லை. அதனால்தான் அந்த நாடு உயர்ந்து நிற்கிறது!"

கைதட்டல் எழும். பேச்சாளர் கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொள்வார். எந்த ஊர்த் தொழிற்சாலை அது, எந்த ஆண்டு நடந்தது என்று எழுந்து கேட்டுப் பாருங்கள்! பதில் வராது.

அதே மேடையில் அடுத்தவர் எழுவார். அவருடைய கதை அமெரிக்கக் கதை. "அங்கே வேலை செய்பவனுக்குத்தான் கூலி. சரியில்லை என்றால் அன்று மாலையே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். கேள்வி இல்லை, முறையீடு இல்லை. அதனால்தான் அந்த நாடு செல்வத்தில் திளைக்கிறது!" என்பார்.

இரண்டு கதைகள், இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருப்பவை. ஒன்றிலே தொழிலாளி வீட்டுப் பிள்ளை, மற்றொன்றிலே வழிப்போக்கன். ஆனால் இரண்டு கதைக்கும் முடிவுரை ஒன்றே: "பாட்டாளியே, பணிந்திரு!" ஜப்பானியனையும் அமெரிக்கனையும் புகழ்வதற்காகச் சொல்லப்படும் கதைகள் அல்ல இவை, தோழர்களே! நம் நாட்டுத் தொழிலாளியின் காதைத் திருகுவதற்காகச் சொல்லப்படுபவை!

இந்தக் கதைகளின் அடியில் ஒரு தத்துவம் ஒளிந்து கிடக்கிறது. ஜப்பானியனுக்கு உழைப்பு இரத்தத்திலே ஊறியதாம். அமெரிக்கனுக்குப் போட்டி பிறவிக் குணமாம். நம்மவனுக்குச் சோம்பல் கூடப் பிறந்ததாம். இந்தக் குரல் நமக்குப் புதிதா? சாதிக்கு ஒரு குணம் என்று நேற்றுவரை பேசியவர்கள், இன்று நாட்டுக்கு ஒரு குணம் என்கிறார்கள்! பிறப்பிலே குணம் இல்லை என்று ஊர் ஊராய் எடுத்துரைத்த நாம், தொழிற்சாலை வாயிலில் மட்டும் அதை ஒப்புக்கொண்டு தலையாட்டவா முடியும்?

வேறுபாடே இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. உண்டு, நிறைய உண்டு. அமெரிக்க நிறுவனம் ஒருவரை ஒரு குறிப்பிட்ட வேலைக்கு எடுக்கிறது. இன்ன வேலை, இன்ன பொறுப்பு, இன்ன சம்பளம் என்று எழுதிக் கொடுக்கிறது. பிடிக்காவிட்டால் அவர் வேறிடம் போகலாம். போவதை யாரும் துரோகம் என்று சொல்லமாட்டார்கள். ஜப்பானின் பெரிய நிறுவனமோ, கல்லூரி முடித்த இளைஞர்களை ஏப்ரல் மாதத்தில் கூட்டமாகச் சேர்த்துக்கொள்கிறது. வேலைக்குச் சேர்வதைவிட நிறுவனத்துக்குள் சேர்வது என்பதே பொருந்தும். இன்று கணக்குப் பிரிவு, மூன்றாண்டு கழித்து விற்பனை, பிறகு வேறு ஊர். சம்பளம் வயதோடும் அனுபவத்தோடும் ஏறும்.

முடிவெடுக்கும் முறையும் வேறு. அமெரிக்க மேலதிகாரி அறைக்குள் முடிவெடுப்பார்; வெளியே வந்து அறிவிப்பார். ஜப்பானில் 'நெமவாஷி' என்றொரு சொல் உண்டு. மரத்தை இடம் மாற்றி நடுவதற்கு முன், வேரைச் சுற்றி மண்ணைப் பதப்படுத்தும் வேலைக்குப் பெயர் அது. கூட்டம் கூடுவதற்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியே கண்டு பேசி இணங்க வைப்பதைத்தான் அலுவலகங்களில் அப்படிச் சொல்கிறார்கள். முடிவு தாமதமாக வரும். வந்தபின் வேகமாக நடக்கும். அமெரிக்காவில் முடிவு விரைவாக வரும். அதை நடத்திக் காட்டத்தான் நாள் பிடிக்கும்.

இவை கண்கூடு. ஆனால் இவை பிறவிக் குணமா, மனிதர் செய்த ஏற்பாடா? இதுதான் கேள்வி. இதற்கு விடை சொல்ல ஒரு தொழிற்சாலை இருந்தது. கற்பனைச் செருப்புக் கம்பெனி அல்ல. ஊரும் பேரும் ஆண்டும் உள்ள தொழிற்சாலை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோவுக்கு அருகில், பிரிமாண்ட் என்றொரு ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஒரு கார் தொழிற்சாலை நடத்தி வந்தது. அந்த நிறுவனத்தின் தொழிற்சாலைகளிலேயே மிக மோசமானவற்றுள் ஒன்று என்று பெயர் எடுத்த இடம் அது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் உண்டு. குடித்துவிட்டு வருவோர் உண்டு. வேண்டுமென்றே காரைப் பழுதாக்கி அனுப்பியோரும் உண்டு. தீர்க்கப்படாத முறையீடுகள் ஆயிரக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் ஓயாத போர். 1982-ல் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். "இந்தத் தொழிலாளர்களை வைத்துக்கொண்டு எவராலும் கார் செய்ய முடியாது" என்று பேசியவர்கள் பலர்.

அந்தக் கதவு 1984-ல் மீண்டும் திறந்தது. ஜெனரல் மோட்டார்சும் ஜப்பானின் டொயோட்டாவும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம். சுருக்கப் பெயர் 'நும்மி'. நிர்வாகம் டொயோட்டா கையில். வேலைக்கு வந்தவர்கள் யார்? ஜப்பானிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்களா? இல்லை! தொடக்கத்தில் சேர்க்கப்பட்டவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல், அதே பழைய பிரிமாண்ட் தொழிலாளர்கள்! அதே மோட்டார் தொழிலாளர் சங்கம். அதே ஊர், அதே கூரை.

நடந்தது என்ன? வேலைக்கு வராதோர் தொகை நூற்றுக்கு ஐவரைத் தாண்டாத அளவுக்கு இறங்கியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 1980-களின் பிற்பகுதியில் கணக்கெடுத்தார்கள். ஒரு காரைப் பூட்டி முடிக்க, ஜெனரல் மோட்டார்சின் பிரேமிங்காம் தொழிற்சாலையில் 31 மணி நேர உழைப்பு. ஜப்பானில் டொயோட்டாவின் தகாவோகா தொழிற்சாலையில் 16 மணி. இந்த நும்மியில் 19 மணி! பழுதுகளோ, நூறு காருக்கு பிரேமிங்காமில் 135, தகாவோகாவில் 45, நும்மியிலும் 45!

எங்கே போயிற்று பிறவிக் குணம்? இரண்டே ஆண்டில் இரத்தம் மாறிவிட்டதா? கலிபோர்னியாக்காரர் நாடி நரம்பில் ஜப்பானியக் குருதி பாய்ந்துவிட்டதா? மாறியது ஆள் அல்ல, தோழர்களே! ஆளை நடத்திய முறை மாறிற்று!

எப்படி மாறிற்று? அதைச் சொல்ல ஒரு கயிற்றின் கதையைச் சொல்லவேண்டும்.

டொயோட்டா குடும்பத்தின் தொடக்கம் காரில் அல்ல, தறியில். சாகிச்சி டொயோடா என்ற தச்சர் மகன், இழை அறுந்தால் தானே நின்றுவிடும் தறியை உருவாக்கினார். நம் நெசவாளத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இழை அறுந்தது தெரியாமல் தறி ஓடினால், கிடைப்பது துணி அல்ல, கந்தல்! தானியங்கித் தறியின் உரிமையை 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனமே விலைகொடுத்து வாங்கிற்று. அவர் மகன் கிச்சிரோ 1937-ல் மோட்டார் கம்பெனி தொடங்கினார். தறியின் பாடம் காருக்கும் வந்தது. வேலை வரிசை நெடுகிலும் தலைக்கு மேலே ஒரு கயிறு. பழுது கண்ட தொழிலாளி அதை இழுப்பார். விளக்கு எரியும், ஓசை எழும், குழுத் தலைவர் ஓடி வருவார், அங்கேயே தீராவிட்டால் வரிசை நிற்கும். 'அந்தோன்' கயிறு என்று பெயர்.

பழைய பிரிமாண்டில் சட்டம் வேறு. வரிசை நிற்கவே கூடாது! திருகாணி விட்டுப்போனாலும் ஓடட்டும். கதவு பொருந்தாவிட்டாலும் ஓடட்டும். கடைசியில் கொல்லைப்புறத்தில் நிறுத்திப் பழுது பார்த்துக்கொள்ளலாம்! பழுதைக் கண்ணால் காண்பவர் தொழிலாளி. ஆனால் வாய் திறக்க உரிமை இல்லை. கண்ணைக் கட்டி வேலை வாங்கிவிட்டு, "இவனுக்குப் பொறுப்பில்லை" என்று ஏசுவது எந்த ஊர் நியாயம்?

நூற்றுக்கணக்கான பிரிமாண்ட் தொழிலாளர்களைப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அங்கே தாங்கள் கயிற்றை இழுத்ததும், மேலதிகாரி வந்து வைதுவிட்டுப் போகாமல், "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டதைக் கண்டு வியந்தார்கள் அவர்கள். திரும்பி வந்தபின் அதே கயிறு பிரிமாண்டிலும் தொங்கிற்று. அதிகாரிக்கு ஒரு சாப்பாட்டுக்கூடம், தொழிலாளிக்கு ஒரு சாப்பாட்டுக்கூடம் என்ற பந்தி வேற்றுமை ஒழிந்தது. அதிகாரி காருக்குத் தனி நிழல் என்ற வழக்கம் ஒழிந்தது. பந்தியில் வேற்றுமை பார்ப்பது மனிதனை எப்படிச் சுடும் என்பது நமக்குத் தெரியாதா!

இன்னொன்றும் உண்டு; அதுதான் ஆணிவேர். சங்கத்தோடு எழுதிய ஒப்பந்தத்தில் நிர்வாகம் ஒரு வாக்குறுதி தந்தது. நிறுவனமே நிலைகுலையும் நெருக்கடி வந்தாலன்றி ஆட்குறைப்பு இல்லை. அப்போதும் முதலில் குறைவது அதிகாரிகள் சம்பளம்! வாக்குறுதிக்குச் சோதனையும் வந்தது. 1987, 1988-ல் அங்கு செய்த செவ்ரலே நோவா கார் விலைபோகவில்லை. தொழிற்சாலையின் திறனில் பெரும்பகுதி முடங்கிற்று. ஆயினும் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வரிசையின் வேகத்தைக் குறைத்து, மிஞ்சிய ஆட்களைப் பயிற்சிக்கும் சீர்திருத்த வேலைக்கும் வைத்துக்கொண்டார்கள். நாளை வேலை இருக்கும் என்ற உறுதி இருந்தால்தான், "இந்த வேலையை இன்னும் எளிதாகச் செய்யலாமே" என்று தொழிலாளி வாய் திறப்பார். தன் யோசனையே தன் வேலைக்கு உலை வைக்கும் என்றால் எவர் சொல்வார்?

"ஆகா! அப்படியானால் ஜப்பானிய முதலாளி கருணைக் கடல்!" என்று மேடை மேதாவி துள்ளி எழுவார். பொறுங்கள் ஐயா! இரண்டாம் பக்கத்தையும் புரட்டுவோம்.

முதலாவது, அந்த நும்மியிலேயே வேலை இலகுவாகிவிடவில்லை. பழைய நாளில் ஒரு நிமிடத்தில் சுமார் 45 நொடி ஓடிய கை, புதிய முறையில் சுமார் 57 நொடி ஓடிற்று. மூச்சு விடும் இடைவெளியையும் கணக்கெடுத்து எடுத்துக்கொண்டார்கள். "நெருக்கியே வேலை வாங்கும் முறை இது" என்று அமெரிக்கத் தொழிற்சங்கத் தோழர்களே எழுதினார்கள். மதிப்புக் கிடைத்தது உண்மை. அதற்கு விலை கொடுத்ததும் உண்மை.

இரண்டாவது, ஜப்பானில் வேலைக்கு உறுதி வந்தது கருணையாலா? வரலாறு அப்படிச் சொல்லவில்லையே! போரில் தோற்றுக் கிடந்த நாட்டில், 1945 டிசம்பரில் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்கங்கள் காட்டாற்று வெள்ளமெனப் பெருகின. 1947 பிப்ரவரி முதல் நாள் நாடு தழுவிய வேலை நிறுத்தம் என்று நாள் குறித்தார்கள். தடுத்தது யார்? ஜப்பானை ஆண்டுகொண்டிருந்த அமெரிக்கத் தளபதி மக்கார்தர்! 1950-ல் டொயோட்டாவிலேயே ஆட்குறைப்பு. எதிர்த்து வேலை நிறுத்தம். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். தலைவர் கிச்சிரோ டொயோடாவும் பதவி விலகினார். 1953-ல் நிஸ்ஸான் தொழிற்சாலையில் நூறு நாள் அளவுக்கு நீண்ட போராட்டம்; கதவடைப்பு; போட்டிச் சங்கம்; பழைய சங்கத்தின் வீழ்ச்சி. 1960-ல் கியூஷு தீவின் மீகே நிலக்கரிச் சுரங்கம்! ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்டோரை நீக்க மிட்சுயி நிறுவனம் முனைந்தது. ஜனவரியில் கதவடைப்பு, நவம்பரில்தான் ஓய்ந்தது. மறியலில் நின்ற தொழிலாளி ஒருவர் கத்திக்குத்துக்கு இரையானார்.

எங்கே ஐயா அந்த ஒற்றைச் செருப்பு? மீகே சுரங்க வாயிலில் சிந்தியது செருப்புத் தோல் அல்ல, செங்குருதி! அந்தப் போர்கள் பலவற்றில் தொழிலாளர் தோற்றார்கள். ஆனால் தோற்கடித்தவர்களும் ஒரு பாடம் படித்தார்கள். ஆட்குறைப்பு என்ற தீயோடு விளையாடினால் தொழிற்சாலையே கருகும் என்ற பாடம். அந்த அச்சமும், ஆள் கிடைக்காத வளர்ச்சிக் காலமும், நீதிமன்றத் தீர்ப்புகளும் சேர்ந்துதான் நீண்டகால வேலை என்ற ஏற்பாட்டை உறுதியாக்கின. தகுந்த காரணமற்ற வேலை நீக்கம் செல்லாது என்பது 2007-ல் இயற்றிய தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்திலும் எழுத்தாக ஏறிற்று. அருள் சுரந்து வந்ததல்ல, பேரம் பேசி வந்தது!

மூன்றாவது, நெஞ்சைச் சுடுவது. இயந்திரத்தை நிறுத்தக் கயிறு கொடுத்த நாட்டில், கடிகாரத்தை நிறுத்தக் கயிறு இல்லை! வேலை நேரம் முடிந்தாலும் மேலதிகாரி எழும்வரை எழக்கூடாது. கணக்கில் ஏறாத ஓவர்டைம். அதன்பின் குழுவோடு மதுக்கடை. 'கரோஷி' என்றொரு சொல்லை உலகுக்குத் தந்தது ஜப்பான். பொருள் என்ன? உழைத்து உழைத்தே சாவது! டென்ட்சு என்ற பெரிய விளம்பர நிறுவனத்தில் 1991-ல் ஓர் இளம் ஊழியர், வேலைச் சுமை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. திருந்தினார்களா? 2015-ல் அதே நிறுவனத்தில் இன்னோர் இளம் பெண் ஊழியர், அதே முடிவு! 2017-ல் நீதிமன்றம் விதித்த அபராதம் எவ்வளவு? ஐந்து லட்சம் யென். பெற்றவர்கள் கண்ணீருக்கு ஈடாகுமா அது?

கரோஷியைத் தடுக்க 2014-ல் ஒரு சட்டம். ஓவர்டைமுக்கு உச்ச வரம்பு வைத்து 2018-ல் ஒரு சட்டம்: பொதுவாக மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி, தனிநிலைமைகளில் ஆண்டுக்கு 720 மணி வரை. ஆண்டு விடுப்பில் ஐந்து நாளையேனும் ஊழியர் எடுக்கும்படி செய்யவேண்டியது நிறுவனத்தின் கடமை என்று 2019 ஏப்ரல் முதல் விதி. உரிமையான விடுப்பை எடுக்கவைக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால், எடுக்கவிடாமல் தடுத்த கண்ணுக்குத் தெரியாத கை எவ்வளவு வலியது!

அந்தக் குடும்பக் கூரையின் கீழ் எல்லோருக்கும் இடம் உண்டா? அதுவும் இல்லை. ஜப்பானிய ஊழியர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் நிரந்தரம் அல்லாதவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒப்பந்த ஆட்களைத் தொழிற்சாலை உற்பத்தி வேலையிலும் அமர்த்தலாம் என்று 2004-ல் சட்டம் தளர்ந்தது. 2008 இறுதியில் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது முதலில் வெளியே தள்ளப்பட்டவர்கள் அவர்கள்தாம். வேலையோடு நிறுவனம் தந்த குடியிருப்பும் போயிற்று. அந்தப் புத்தாண்டுக்குத் தோக்கியோ நகரின் ஹிபியா பூங்காவில் கூடாரம் அடித்து, நூற்றுக்கணக்கானோருக்குச் சோறும் போர்வையும் கொடுத்தார்கள் தொண்டர்கள். கூரைக்குள்ளே இருப்பவர் பிள்ளை. வெளியே நிற்பவர் யார்? இந்த உள்-வெளி வேற்றுமை நமக்கு எதை நினைவூட்டுகிறது என்று சொல்லவும் வேண்டுமா?

இனி அமெரிக்கா. அங்கே மாலை ஐந்து மணிக்கு எழுந்து போகலாம், அது குற்றமல்ல. கூட்டத்தில் மேலதிகாரியை மறுத்துப் பேசலாம். அது அவமரியாதை ஆகாது. நல்லவை, ஏன் மறைக்கவேண்டும்? ஆனால் பெரும்பாலான மாநிலங்களில், சட்டம் தடுத்துள்ள சில காரணங்களைத் தவிர, காரணம் சொல்லாமலே ஒருவரை வேலையிலிருந்து நீக்கலாம். சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு தரவேண்டும் என்று தேசியச் சட்டமே கிடையாது. "கேள்வி இல்லை, முறையீடு இல்லை" என்று மேடையில் புகழ்ந்தாரே, அந்தப் புகழுக்குரிய நிலை இதுதான்!

அமெரிக்கத் தொழிலாளி இதைப் பிறவிப் பயன் என்று ஏற்று வாழ்ந்தாரா? எட்டு மணி நேர வேலை கேட்டு 1886-ல் சிகாகோவில் எழுந்த முழக்கம் எந்த நாட்டு முழக்கம்? ஜெனரல் மோட்டார்சின் பிளின்ட் தொழிற்சாலைகளில், 1936 டிசம்பர் 30 முதல் 1937 பிப்ரவரி 11 வரை, கடுங்குளிரில் 44 நாட்கள் உள்ளேயே அமர்ந்து சங்கத்துக்கு அங்கீகாரம் வாங்கியவர்கள் எந்த நாட்டுத் தொழிலாளர்கள்? இன்று அந்த நாட்டின் தனியார் துறையில் சங்கத்தில் இருப்போர் நூற்றுக்கு ஆறு பேர் அளவுதான். சங்கம் தேய்ந்தது; அதோடு வேலைக்குப் பிடிமானமும் தேய்ந்தது.

வேடிக்கை ஒன்று கேளுங்கள். ஜப்பானிய முறை என்று இன்று உலகம் கொண்டாடும் தர மேம்பாட்டை 1950-ல் ஜப்பானியருக்குப் பாடம் நடத்தியவர்களில் முதல்வர் ஓர் அமெரிக்கர், டெமிங் என்ற புள்ளியியல் அறிஞர்! 1951-லேயே அவர் பெயரால் பரிசு வைத்தது ஜப்பான். சொந்த நாட்டுத் தொழிலதிபர்களோ 1980 வரை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அறிவுக்கு நாடு ஏது? கேட்பவனிடம் தங்கும், கேளாதவனை விட்டு நீங்கும்.

கண்ணெதிரே இருந்த நும்மியைக் கண்டாவது ஜெனரல் மோட்டார்ஸ் பாடம் கற்றதா? அதே கலிபோர்னியாவின் வான் நைஸ் தொழிற்சாலையில் அந்த முறையைப் புகுத்த முயன்றது. வரிசையை நிறுத்த மேலதிகாரிகளுக்கு மனம் வரவில்லை. அதிகாரத்தை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. 1992-ல் அது மூடப்பட்டது. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே திவால் மனு கொடுத்தது.

நும்மி என்ன ஆயிற்று? 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலகிற்று. டொயோட்டா தனியே நடத்த விரும்பவில்லை. 2010 ஏப்ரல் முதல் நாளோடு கடைசி கார் உருண்டது. சுமார் 4,700 பேர் வெளியே வந்தனர். ஆட்குறைப்பு இல்லை என்று வாக்களித்த அதே நிறுவனம்தான் கதவைச் சாத்திற்று! அந்த இடத்தை டெஸ்லா நிறுவனம் வாங்கிற்று; பழைய சங்கம் அங்கே இல்லாமற்போயிற்று. ஒரே கூரை, மூன்று முதலாளிகள், மூன்று நடைமுறைகள். கருணை எத்தனை நாளைக்கு? கணக்கு ஒத்துவரும் நாள்வரை!

ஆகவே நாம் சொல்வது இதுதான். ஜப்பானை வழிபடவும் வேண்டாம். அமெரிக்காவைக் கும்பிடவும் வேண்டாம். உழைப்பவர் கையில் இருக்கவேண்டிய கயிறுகள் மூன்று. பழுது கண்டால் வேலையை நிறுத்தும் கயிறு ஒன்று. நேரம் முடிந்தால் கடிகாரத்தை நிறுத்தும் கயிறு ஒன்று. நாளைய வேலையைப் பற்றிக்கொள்ளும் கயிறு ஒன்று. ஜப்பானியர் முதல் கயிற்றைப் பெற்றார். உள்ளே இருப்பவர் மட்டும் மூன்றாம் கயிற்றையும் பெற்றார். இரண்டாவதற்கு இன்றும் போராடுகிறார். அமெரிக்கர் இரண்டாவதை ஓரளவு பெற்றார். மற்ற இரண்டும் சங்கம் வலுத்த இடத்தில் இருந்தன, சங்கம் இளைத்த இடத்தில் அறுந்தன.

நமக்கு இது தூரத்துக் கதையா? ஒரகடத்தில் ஜப்பானிய நிறுவனத்தின் கார் உருள்கிறது. மறைமலை நகரில் அமெரிக்காவின் போர்டு நிறுவனம் 2021-ல் மூடப்போவதாக அறிவித்து, 2022-ல் உற்பத்தியை நிறுத்தியபோது, நம் வீட்டுப் பிள்ளைகள்தாம் வாயிலில் நின்றார்கள். நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் ஒரே குரலில் எதிர்த்தன. மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. கடிகாரக் கயிற்றை நம் தோழர்கள் பற்றி இழுத்த நாள் அது! 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றிய மண்ணல்லவா இது!

இனி எந்த மேடையிலாவது ஒற்றைச் செருப்புக் கதை எழுந்தால், கைதட்டுவதற்கு முன் எழுந்து நில்லுங்கள். அமைதியாக, அடக்கமாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"செருப்பு இருக்கட்டும் ஐயா, கயிறு யார் கையில்?"